மிக்கேல்ராஜ் நின்ற இடங்கள்

மிக்கேல்ராஜின் இடது கெண்டைக்கால் முந்நூற்றுப் பத்தாவது கட்டையில் வலிக்கத் தொடங்கும். முந்நூற்று ஒன்பதில் ஒன்றுமே இருக்காது. முந்நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போகலாம். அதற்கு மேல் சதையை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிவார்கள்; நின்றே ஆகவேண்டும். நின்றால் மூன்று நிமிடத்தில் எல்லாம் சரியாகி, வலித்தது இந்தக் கால்தானா என்று சந்தேகம் வந்துவிடும். கிளம்பினால் மறுபடி முந்நூற்றுப் பத்து.

கட்டை என்றால் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற ஸ்லீப்பர் கட்டை. மிக்கேல்ராஜ் மணியாச்சிப் பக்கம் முப்பத்திரண்டு வருஷம் கீமேனாக இருந்தவர். காலையில் சுத்தியலையும் ஸ்பேனரையும் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்துக்கு நடுவே இறங்கினால், கழன்ற கிளிப்பை எல்லாம் அடித்து இறுக்கியபடி ஆறேழு கிலோமீட்டர் போய்த் திரும்புவார். கட்டைக்குக் கட்டை இரண்டடி. வேலையை விட்டு வந்த பிறகும் அவர் கால் இரண்டடிக்கு மேல் எட்டி வைக்க மறுத்துவிட்டது. குறைத்து வைக்கவும் மறுத்துவிட்டது. ரோட்டில், கோவிலில், கல்யாண வீட்டுப் பந்தியில் எங்கே நடந்தாலும் இரண்டடிதான். மனைவி மேரிராணியின் ஊரில் வீடு கட்டிக் குடிவந்த முதல் வாரமே எல்லாவற்றையும் அளந்து வைத்துவிட்டார். டீக்கடை நூற்று நாற்பது கட்டை. மாதா கோவில் இருநூற்று ஐந்து. பஸ் நிறுத்தம் முந்நூற்று முப்பது.

வலி வந்தபின் பஸ் நிறுத்தம் அவருக்கு இருபது கட்டை எட்டாத தூரமாகிப் போனது.

வலியைவிட அவர் பயந்தது ஊருக்குத்தான். தெற்குத்தெரு கண்ணுசாமிக்குச் சர்க்கரையில் ஒரு கால்விரலை எடுத்தபோது, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலும், கால் எடுத்தவன் கதை ஒன்றும் கொண்டுவந்தார்கள். கண்ணுசாமி விரல் போனதோடு பிழைத்துக்கொண்டார், கதைகளைக் கேட்டுத்தான் படுத்துவிட்டார். ரயில்வே கேங்கில் எல்லாரும் 'எக்ஸ்பிரஸ்' என்று கூப்பிட்ட மனிதர் அப்படிக் கட்டிலில் படுப்பதாவது! அதனால் வலி வந்த இடத்தில் மிக்கேல்ராஜ் வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். கரண்டுக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். செருப்பில் இல்லாத முள்ளைத் தேடினார். ஆனால் ஒரே நாளில் ஒரே தெருவில் நாலு தடவை வேட்டி கட்டுகிற மனிதரை எத்தனை நாளைக்கு ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்? மேரிராணி அவரைக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏற்றினார்.

டாக்டர் தீபலட்சுமி கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் நடந்தா வலிக்குது?"

"முந்நூத்திப் பத்துக் கட்டை."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "ரயில்வேல இருந்தாவ டாக்டர்," என்றார் மேரிராணி. "மீட்டர்ல சொல்லத் தெரியாது. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும், உங்க வீடு ரோட்டுல இருந்து எத்தன கட்டைன்னுதான் கேட்டாவ."

டாக்டர் கையில் பிரஷர் பார்த்தார், நூற்று நாற்பது. பிறகு படுக்கச் சொல்லி, பட்டையைக் கணுக்காலில் சுற்றினார். மிக்கேல்ராஜ் தலையைத் தூக்கிப் பார்த்தார். காலுக்குப் பிரஷர் பார்க்கிற டாக்டரை அவர் கேள்விப்பட்டதில்லை. தப்பான டாக்டரிடம் வந்துவிட்டோமோ என்று மேரிராணியைப் பார்த்தார். கணுக்காலில் எண்பத்து நாலு.

"கையில நூத்தி நாப்பது, கால்ல எம்பத்தி நாலு. நடுவுல எங்கேயோ குழாய் ஒடுங்கிப் போயிருக்கு," என்றார் டாக்டர். "உட்கார்ந்திருக்கும்போது சதைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். ஒடுக்கத்துலயே அது வந்து சேர்ந்திரும். நடக்க ஆரம்பிச்சா அதே சதை பத்து மடங்கு கேக்கும். நுரையீரல் ஆக்சிஜனை ஏத்தி விடத்தான் செய்யுது. இதயமும் வேகமா அடிச்சு அனுப்பத்தான் செய்யுது. மத்த குழாயெல்லாம் விரிஞ்சு கொடுக்கும். உங்களுக்கு இது விரியாது. ஆக்சிஜன் வராத சதை என்ன செய்யும்? கத்தும். அதுதான் வலி."

மிக்கேல்ராஜ் யோசித்தார். "சரக்கு வண்டி அவுட்டர் சிக்னல்ல நிக்கு. ஸ்டேஷன்ல ஆளு கத்துதான்."

"அதேதான். நீங்க நின்னா கேக்குறது குறையும், வர்றது போதும், வலி போயிரும்."

"அப்ப நின்னுக்கிட்டே இருக்கணுமா டாக்டர்?"

"நடக்கணும். வலிக்கிற வரைக்கும் நடக்கணும். வலிச்ச பிறகும் கொஞ்சம் நடக்கணும். தாங்காதப்ப நிக்கணும். வலி போனதும் திரும்ப நடக்கணும். தினமும் முக்கால் மணி நேரம், மூணு மாசம். சதை ஆக்சிஜனுக்குத் தவிக்கத் தவிக்கத்தான் பக்கத்துல இருக்கிற சின்னச் சின்னக் குழாயெல்லாம் அகலமாகும். சதையும் வந்ததை வீணாக்காமச் செலவு பண்ணப் பழகும்."

"லூப் லைன்," என்றார் மிக்கேல்ராஜ்.

"மெயின் லைன்ல வேலை நடந்தா வண்டிய லூப்புல விடுவீங்கல்ல, அப்படித்தான். நடக்காம உட்கார்ந்தீங்கன்னா லூப்பும் கிடைக்காது. அப்புறம் படுத்திருக்கும்போதே வலிக்கும். சின்னப் புண்ணு வந்தாலும் ஆறாது. அந்த நிலைமைக்கு வந்தீங்கன்னா நான் பேச வேண்டிய பேச்சே வேற." மாத்திரை எழுதிவிட்டு நிமிர்ந்தார். "கடைசியா பீடி எப்பக் குடிச்சீங்க?"

"கீழ, வாசல்ல."

"அதுதான் கடைசி. அப்புறம், வயிறு முட்டச் சாப்பிட்ட கையோட நடக்காதீங்க. வயிறு தன் பங்கு ரத்தத்தைக் கேக்கும்."

மறுநாள் காலையிலேயே நடை தொடங்கியது. தெருவில் நடந்தால் தெரிந்துவிடும் என்று, வீட்டுக்குப் பின்னாலிருந்து கிழக்கே போகிற வண்டிப்பாதையைப் பிடித்தார். பங்குனி மாதம். உளுந்தும் மக்காச்சோளமும் எடுத்து முடிந்து, கரிசல் காடு கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் ஆள் இல்லை என்றுதான் அவர் நினைத்தார். முந்நூற்றுப் பத்தாவது கட்டையில் குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "யேசுவே" என்றார்.

கண்ணைத் திறந்தபோது எதிரே கோபாலசாமி நின்றார். ஆடு மேய்க்கிற குடும்பம். கோபாலசாமி தலையெடுத்துத்தான் பாதை போகிற அந்த ஆறு ஏக்கரை வாங்கியது. வாங்கியதிலிருந்து அவருக்குத் தண்ணீர்ப் பைத்தியம். இரண்டு போர் போட்டு இரண்டிலும் வெள்ளைப் புழுதி. முதலாவதற்கு இடம் பார்த்தவர் வேப்பங்கவட்டையோடு வந்தார். கவட்டை கையைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கியது. இரண்டாமவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தார். தேங்காய் சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. இரண்டு இடத்திலும் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற அளவுக்குப் புழுதி.

"என்ன அண்ணாச்சி, காலப் பிடிச்சிட்டு நிக்கீய?"

வேட்டியைக் கட்டியிருக்கலாம். கம்பம் இல்லாவிட்டாலும் பனைமரம் இருந்தது, அதை அண்ணாந்து பார்த்திருக்கலாம். மிக்கேல்ராஜுக்கு அந்த நேரம் ஒன்றும் ஓடவில்லை. "ஒண்ணுமில்ல. இந்த எடத்துக்கு வந்தா கால் ஒரு மாதிரி இழுக்கு," என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கோபாலசாமி குனிந்து அவர் காலைப் பார்த்தார். கெண்டைச் சதை தோலுக்கு அடியில் தவளை மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு மண்ணைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாளும் முந்நூற்றுப் பத்து அதே இடத்தில்தான் வந்தது. வேறு எங்கே வரும்? வீட்டு வாசல்நடை நகரவில்லை, எட்டு நீளவில்லை, குழாய் விரியவில்லை. மூன்றாம் நாள் அவர் போனபோது அந்த இடத்தில் சுண்ணாம்பு தடவிய கல் ஒன்று நட்டிருந்தது. அவர் கால், கல்லுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. கருவேல மர நிழலிலிருந்து கோபாலசாமி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, உங்க ரத்தம் என்ன குரூப்பு?"

"ரயில்வே கார்டுல ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்கு. எதுக்குக் கேக்கீய?"

கோபாலசாமி கையெடுத்துக் கும்பிட்டார். நீரோட்டம் பார்க்கிறவனுக்கு ஓ பாசிட்டிவ்தான் இருக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் படிக்காதவருக்கும் தெரிந்த விஷயம். வேப்பங்கவட்டைக்காரர் ரத்தத்தை அப்போது கேட்காமல் விட்டோமே என்பதுதான் இரண்டு வருஷமாக அவருடைய மனக்குறை.

அதற்குப் பிறகு மிக்கேல்ராஜ் தனியாக நடக்கவில்லை. முதலில் பின்னால் நாலு பேர் வந்தார்கள். வாரக் கடைசியில் நாற்பது. அவர் நின்றால் நின்றார்கள். அவர் குனிந்தால் மண்ணில் காதை வைத்தார்கள். கோபாலசாமி காட்டுக்கு அடுத்த காடு சௌந்தரபாண்டியனுடையது. மிக்கேல்ராஜ் கல்லில் மூன்று நிமிடம் நின்று கிளம்பினால், அடுத்த முந்நூற்றுப் பத்துக்குள் சௌந்தரபாண்டியனின் காட்டை முழுசாகக் கடந்து, தார் ரோட்டையும் தாண்டித்தான் நிற்பார். சௌந்தரபாண்டியனுக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

"என் காட்டுல மட்டும் ஏன் அண்ணாச்சி விறுவிறுன்னு போறீய? நான் உங்களுக்கு என்ன குத்தம் செஞ்சேன்? ஒரு நிமிசம் நில்லுங்களேன். பேருக்காவது நில்லுங்க."

"வலிக்கலியே, எப்படி நிக்க?"

"சும்மா வலிக்கட்டும் அண்ணாச்சி!"

மரியாதை முற்றியபோது ஆபத்தாயிற்று. இப்படிப்பட்ட காலை வெயிலில் நடக்க விடுவதா? வீட்டு நடையில் இறங்கும்போதே பைக் நின்றது. ஒருவர் ஏற்றினார், ஒருவர் இறக்கினார். பக்கத்து ஊரிலிருந்து கார் வந்தது. காட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குடை பிடித்தார்கள். "நடக்கணும்யா, நான் நடக்கணும்," என்று அவர் சொல்லச் சொல்ல, "அந்தக் காலக் காபந்து பண்ணுங்கலே," என்று ஒருவருக்கொருவர் சத்தம் போட்டுக்கொண்டார்கள். பதினோரு நாளில் அவர் மொத்தமாக நடந்தது வீட்டுக்குள் படுக்கையிலிருந்து அடுப்படி வரைக்கும்தான்.

"நீங்க காலத் தூக்கி வச்சா ஊரே தண்ணி தண்ணிங்கு," என்றார் மேரிராணி. "இந்த வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி எடுத்தார ஆளில்ல."

"ஏட்டி, சும்மா இரி. நானே நொந்து போயி இருக்கேன்."

அடுத்த முறை டாக்டர் தீபலட்சுமி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். வலி இருநூற்று எழுபதில் வந்தது. டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை. "நடந்தீங்களா, இல்லையா?"

"நடக்க விட மாட்டேங்காங்க டாக்டர்."

"யாரு?"

எங்கே தொடங்குவது என்று மிக்கேல்ராஜுக்குத் தெரியவில்லை. "மரியாதை," என்றார்.

"இப்படியே போச்சுன்னா ரெண்டு மாசம் கழிச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்," என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பும்போதே மிக்கேல்ராஜ் முடிவு செய்துவிட்டார். மானம் போனால் போகட்டும். நேரே கோபாலசாமியிடம் போனார். ஒடுங்கிய குழாய், கணுக்கால் பிரஷர், ஆக்சிஜன், பீடி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். கோபாலசாமி பொறுமையாகக் கேட்டார்.

"நானும் பீடி குடிக்கேன். எனக்கு ஏன் அங்கன நிக்க மாட்டேங்கு?"

"உமக்குக் குழாய் நல்லாருக்கு, அதான்."

"எனக்கு பி குரூப்பு, அதான்," என்று திருத்தினார் கோபாலசாமி. "சரி, ரத்தம் நிக்குதுங்கீய. அது ஏன் என் காட்டுல வந்து நிக்கணும்? உங்க வீட்டுல நிக்கக் கூடாதா, டீக்கடையில நிக்கக் கூடாதா? கீழ ஏதோ இழுக்கப் போயித்தான மேல நிக்கு? வித்தை தெரிஞ்சவிய ஒத்துக்கிட மாட்டாவ அண்ணாச்சி. ஒத்துக்கிட்டா போயிரும்லா. எனக்குத் தெரியும், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்." போர் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, திருச்செங்கோட்டு வண்டிக்கு வரிசை இருக்கிறது, ஏழு வாரத்தில் வரும். செலவுக்கு விற்கிற பன்னிரண்டு ஆட்டுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது.

மிக்கேல்ராஜ் வெளியே வந்து, இருநூற்று எழுபதில் நின்றார். நின்ற இடம் ஆட்டுக் கிடை. கோபாலசாமியின் மனைவி வெள்ளைத்தாய் தொரட்டிக்கம்பை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனிதர்களிடம் தமிழிலும் ஆடுகளிடம் தெலுங்கிலும் பேசுகிறவர். மனிதர்களிடம் பேசுவது கொஞ்சம்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. உங்க வீட்டு நடையில இருந்து அந்தக் கல்லுக்கு எத்தன எட்டு?"

"முந்நூத்திப் பத்து."

"அங்கன இருந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பீயளே, அதுக்கு?"

"அதுவும் முந்நூத்திப் பத்துதான்."

"ஆட்டுக்காரிக்கு எண்ணிக்கையில கண்ணு இருக்கும். நான் நாலு நாளா எண்ணிட்டுத்தான் இருந்தேன். தண்ணி என்ன கரண்டுக் கம்பமா, கெவருமெண்டுல அளந்து அளந்து நட்டு வைக்கதுக்கு? கால்ல நோக்காடுதான?"

ஒரு மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தார். கேட்ட பிறகு உட்கார்ந்து அழ வேண்டும்போல அவ்வளவு நிம்மதியாக இருந்தது. "ஆமா தாயி. உம்ம வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்காரு."

"சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க நிக்காம அந்தக் கல்லத் தாண்டிப் போனா நம்புவாரு. அவரு விக்கப்போற பன்னெண்டும் சினையாடு அண்ணாச்சி. வித்தா அந்தக் குழிக்குள்ள இறக்கத்தான். தாண்டுவீயளா?"

"நடந்தாத்தான் தாண்ட முடியும். நடக்க விடமாட்டேங்கானுவளே."

"கம்மாய்க்குள்ள வாங்க. புறம்போக்குல நீங்க எங்கன நின்னா எவனுக்கு என்ன?"

உண்மைதான். ஊருக்கு மேற்கே வறண்டு கிடக்கிற கண்மாய் முழுக்க வேலிக்கருவை. யாருக்கும் பட்டா இல்லாத மண்ணில் தண்ணீர் இருப்பதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. தினமும் பத்து மணிக்கு, வெள்ளைத்தாய் ஆடுகளைப் பத்திக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கும்போது மிக்கேல்ராஜும் பின்னால் இறங்கினார். நாற்பது ஆட்டுக்கு நடுவே ஒரு மனிதர் நிற்பதும் நடப்பதும் வெளியே தெரியாது. ஆடும் நடக்கும், நிற்கும், திரும்ப நடக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவை பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருந்தன.

வலி வந்த பிறகும் கொஞ்சம் நடக்கணும் என்று டாக்டர் சொன்னாரே, அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை வெள்ளைத்தாய் முடிவு செய்தார். பன்னிரண்டு கட்டை. ஆட்டுக்கு ஒன்று.

"வலிக்கு தாயி."

"வலிக்கட்டும். இந்த எட்டு கருப்பிக்கு. வைங்க. இது செவலைக்கு. மொட்டக்காதிக்கு ஒண்ணு வைங்க அண்ணாச்சி, அவ பாவம், ரெட்டைக்குட்டி போடுதவ."

மொட்டைக்காதி திரும்பிப் பார்த்தது. மிக்கேல்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு ஒரு கட்டை கொடுத்தார். "கல்யாணமான முப்பது வருசத்துல என்கூட ஒரு கடைத்தெருவுக்கு நடந்ததில்ல," என்றார் மேரிராணி வீட்டில். "இப்ப ஆட்டுக்கூட நடக்காவளாம்." ஆனால் மத்தியானக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றித் தானே கண்மாய்க்குக் கொண்டுவந்து, கருவை நிழலில் உட்கார்ந்து எண்ணிக்கையும் கேட்டுக்கொண்டு போனார்.

இரண்டாம் வாரம் முந்நூறு. நாலாம் வாரம் முந்நூற்று எழுபது. ஒரு நாள் நானூறைத் தாண்டியது. கெண்டைக்காலுக்குள் எங்கோ மயிரிழை போன்ற சின்னக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் தோளை அகட்டி வழி விடுவதை மிக்கேல்ராஜ் மனதுக்குள் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கையில் பச்சைக்கொடி இருந்தது. ஏழாம் வாரம், நானூற்று அறுபதில்தான் வலி எட்டிப் பார்த்தது.

போர் வண்டி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. ஊரே கல்லைச் சுற்றி நின்றது. கல்லுக்கு மாலை போட்டு, மஞ்சள் தடவி, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம் பன்னிரண்டு ஆடுகள் கயிற்றில் கட்டிக் கிடந்தன. வாங்க வந்தவர் வேனோடு நின்றார். சர்க்கரைப் பொங்கல் நெய் ஒழுகத் தயாராக இருந்தது. மிக்கேல்ராஜ் வீட்டு வாசலில் கார் நின்றது.

"காரு வேண்டாம். முறைப்படி நடந்துதான் வரணும்," என்றார் மிக்கேல்ராஜ். கோபாலசாமிக்கு அது நியாயமாகப் பட்டது.

"சரி, ரெண்டு வாய் பொங்கலாவது சாப்பிடுங்க."

"வேண்டாம்." வயிறு தன் பங்கைக் கேட்டால் காலுக்கு என்ன மிஞ்சும்?

"விரதம்," என்று கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. ரெண்டு பேர் காலில் விழுந்தார்கள். அவர்களைத் தாண்டி இரண்டடி வைக்க மிக்கேல்ராஜுக்குச் சிரமமாக இருந்தது.

நடந்தார். பின்னால் இருநூறு பேர் சத்தமில்லாமல் நடந்தார்கள். நூறு. இருநூறு. மூச்சு ஆழமாக இழுத்தது, நெஞ்சு சீராக அடித்தது. இருநூற்று எண்பதில் கெண்டைச் சதை லேசாக இறுகி, யோசித்து, விட்டுவிட்டது. முந்நூறு. கல்லுக்குப் பக்கத்தில் கோபாலசாமி இரண்டு கையிலும் தேங்காயைத் தூக்கிப் பிடித்து உடைக்கத் தயாராக நின்றார். முந்நூற்று எட்டு, ஒன்பது, பத்து.

மிக்கேல்ராஜ் போய்க்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி! இங்கன! கல்லு இங்கன இருக்கு அண்ணாச்சி!"

அவர் திரும்பவில்லை. கோபாலசாமி தூக்கிய தேங்காயோடு பின்னால் ஓடினார். கூட்டம் ஓடியது. கல்லுக்கு நேரே குழாயை நிறுத்தி வைத்திருந்த வண்டிக்காரர் எங்கே போடுவது என்று தெரியாமல், வண்டியை உறுமவிட்டுக் கரிசலில் குலுங்கிக் குலுங்கிப் பின்னாலேயே வந்தார். சௌந்தரபாண்டியன் எல்லாரையும் முந்திக்கொண்டு தன் காட்டு வரப்பில் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்தார். "வாங்க அண்ணாச்சி, வாங்க! நம்ம காட்டுக்கு வாங்க! இந்த ஆவாரஞ்செடி பக்கத்துல நின்னீயன்னா நெழலு கூட இருக்கு!"

வரப்பு நானூற்று நாற்பதில் வந்தது. வலி நானூற்று அறுபத்து மூன்றில் வந்தது.

இங்கே நின்றால் போயிற்று. கோபாலசாமியின் ஆடு பிழைக்கும். நாளைக்குச் சௌந்தரபாண்டியன் வீட்டுப் பைக் வாசலில் நிற்கும், நாற்காலி வரும், குடை வரும், மறுபடி இருநூற்று எழுபதில் போய் நிற்கும் கால். ரோடு இன்னும் நூறு கட்டை. சதை முறுக்கத் தொடங்கியது. கருப்பிக்கு ஒன்று வைத்தார். செவலைக்கு ஒன்று. மொட்டைக்காதிக்கும் அவள் போடப்போகிற ரெட்டைக்குட்டிக்கும் மூன்று. பன்னிரண்டும் தீரத் தீர முதலிலிருந்து ஆரம்பித்தார். பக்கத்தில் சௌந்தரபாண்டியன் பின்பக்கமாக நடந்தபடி, "நில்லுங்க அண்ணாச்சி, நில்லுங்க, என் பிள்ளைகுட்டிய நினைச்சாவது நில்லுங்க," என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். கூட்டத்துக்கு வெளியிலிருந்து வெள்ளைத்தாயின் குரல் தெலுங்கில் என்னவோ அதட்டியது. ஆடுகளிடம் மட்டுமே அவர் தெலுங்கு பேசுவார். மிக்கேல்ராஜுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. கால் மட்டும் கேட்டது. எட்டு வைத்தது.

ஐந்நூற்று அறுபத்தாறாவது கட்டை தார் ரோட்டின் நட்ட நடுவில் விழுந்தது. மிக்கேல்ராஜ் அங்கே நின்று, குனிந்து, இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் ரோட்டைப் பார்த்தது. ரோட்டில் தார் இருந்தது, நடுவில் வெள்ளைக் கோடு இருந்தது. போர் வண்டி மூச்சிரைத்துக்கொண்டு ஓரத்தில் வந்து நின்றது. பசுவந்தனைக்குப் போகிற மினிபஸ் வந்து ஹாரன் அடித்தது. வழி இல்லாமல் நின்றது.

"ரோட்டுக்கு அடியிலயா ஓடுது?" என்றார் கோபாலசாமி மெதுவாக.

"ஹைவேஸ்ல எழுதிக் கேக்கணும்," என்றார் கூட்டத்தில் ஒருவர். "ரோட்டத் தோண்டக் கேஸ் போட்டுருவான்," என்றார் இன்னொருவர். போர் வண்டிக்காரர் தலையை நீட்டி, தார் ரோட்டில் குழாய் இறக்க மாட்டேன் என்றும், அடுத்த ஊரில் ஆள் காத்திருக்கிறது என்றும் சொன்னார்.

கோபாலசாமி தேங்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மிக்கேல்ராஜின் பக்கத்தில் குந்தினார். துடிக்கிற சதையை வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கல்லுல நின்னீய. இப்ப இங்கன நிக்கீய. நாளைக்கு?"

"நாளைக்குப் பத்துக் கட்டை தள்ளி."

"கிழக்கயா?"

"கிழக்கதான். நடக்க விட்டா, அடுத்த மாசம் இன்னும் தள்ளி."

"அப்ப உங்க கால்ல நோக்காடுன்னு சொன்னது?"

"அது அப்பவும் நெசம். இப்பவும் நெசம்."

கோபாலசாமி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கிழக்கே, வெயிலில் நெளிகிற காட்டை நெற்றிக்குக் கை கொடுத்துப் பார்த்தார். தினமும் பத்துக் கட்டை ஓடுகிற தண்ணீரை எந்த வண்டியைக் கொண்டு பிடிக்க? எழுந்து வேட்டியைத் தட்டினார். "ஏட்டி, வெள்ளத்தாயி! ஆட்ட அவுத்துக் கிடைக்குப் பத்திட்டுப் போ," என்று கத்தினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆடுகள் அங்கே அவிழ்ந்து போய்க்கொண்டிருந்தன.

கண்டக்டர் மினிபஸ் படியில் தொங்கியபடி கேட்டார், "அண்ணாச்சி, ஏறுதீயளா, ஒதுங்குதீயளா?"

"ஏறிப் போங்க அண்ணாச்சி," என்றார் கோபாலசாமி. பழைய மரியாதை குரலில் இல்லை. "ரொம்பத் தூரம் நடந்துட்டீய."

"இல்ல, நடந்து வாரேன்," என்று மிக்கேல்ராஜ் ஓரமாக ஒதுங்கினார்.

பஸ் போயிற்று. போர் வண்டி போயிற்று. கூட்டம் பொங்கல் சாப்பிடப் போயிற்று. சௌந்தரபாண்டியன் மட்டும் தன் வரப்பில் உட்கார்ந்து, தனக்கு இருந்த ஒரே வாய்ப்பும் கண்ணெதிரே நடந்து போனதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"விடும்யா," என்றார் கோபாலசாமி அவரை எழுப்பிவிட்டபடி. "தண்ணி கிழக்க ஓடுது, பசுவந்தனைக்காரனுக்குத்தான் யோகம் இருக்கு."

மூன்று நிமிடம் முடிந்திருந்தது. மிக்கேல்ராஜ் ரோட்டைக் கடந்து கிழக்கே நடந்தார். பின்னால் ஒருவரும் வரவில்லை.